ஈக்வலைசரை நிறுத்திவிட்டுக் கேள், மகன்

மகன்,

இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரே வரியில் கேட்டுவிட்டு மேலே போக என்னால் முடியவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம் முழுவதும். அம்மா எதற்குத் திடீரென்று பேனாவைப் பிடித்தாள் என்று நீ பயந்துவிடாதே, பயம் எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. போனில் பேசலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். முன்பெல்லாம் அதை வேலை அவசரத்தில் சொல்கிற 'சரிம்மா' என்று நினைத்துச் சும்மா இருந்தேன். இப்போது, நான் சொன்னது காதில் விழுந்துதான் சொல்கிறாயா என்ற சந்தேகம் வந்துவிட்டது. கடிதத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. எழுதியது எழுதியபடி இருக்கும், நீ உட்கார்ந்து படிக்கலாம். உன் கையில் சேர்ந்த பிறகு இதை வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. வீட்டில் ஒருவருக்குக் காது மந்தமாகி, மற்றவர்கள் எல்லாம் கத்திப் பேசியே பழகிப்போன குடும்பங்கள் இந்த மலையில் நிறைய இருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும்.

தீபாவளிக்கு வந்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிய அன்று காலையில், உன் பழைய ஹெட்போனையும் பழைய போனையும் என் மடியில் வைத்தாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். "நாள் பூரா பிள்ளைக்காம்பராவுல அழுகச் சத்தத்தக் கேட்டுட்டு வர்றீங்க. வந்து ஒக்காந்து நல்ல பாட்டாக் கேளுங்கம்மா" என்றாய். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அந்தக் காம்பராவில் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் காதுக்கு ஓய்வு வேண்டும் என்று இதுவரை யாரும் நினைத்ததில்லை. நீ நினைத்தாய். போனில் ஈக்வலைசரைத் திறந்து, வரிசையாக நிற்கிற கோடுகளைக் காட்டி எனக்குப் பாடமும் நடத்தினாய். "இடது பக்கம் இருக்கிறதெல்லாம் மொத்தச் சத்தம்மா. தப்பு மேளம் அடிக்கிறப்ப நெஞ்சுல வந்து விழுகுதே, அது. வலது பக்கம் போகப் போக மெல்லிசு. நீங்க ச, ஷன்னு சொல்றீங்களே, அந்தக் காத்து எல்லாம் இங்கதான் இருக்கு. இது நல்ல ஹெட்போன்தான், ஆனா மந்தம். அதனால வலது பக்கத்த நல்லாத் தூக்கி விட்டிருக்கேன். இதுல மட்டும் கை வச்சிறாதீங்க" என்றாய். நான் கை வைக்கவில்லை. வலது பக்கக் கோடுகள், நம் லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறுகிற படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று உயரமாக நின்றதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

நீ பஸ் ஏறின பிறகு, காமன் கூத்துக்கு நீயே ரெக்கோட் பண்ணிய தப்புச் சத்தத்தைத்தான் முதலில் போட்டேன். போட்ட வேகத்தில் கழற்றினேன். தப்பில் அந்த மெல்லிய சிம்புக் குச்சி விழுகிற ஒவ்வொரு தடவையும் காதுக்குள் ஊசி இறங்கியது. அடுத்து, நான் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டை நீ ஒளிந்திருந்து எடுத்தாயே, அதைப் போட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. 'ச' வருகிற இடத்திலெல்லாம் கேத்தலில் ஆவி அடிப்பது போல் சீறியது. உன் தங்கை நிரோஷா வாங்கி மாட்டினாள். "அய்யோ, என்னாம்மா இது, காதக் கிழிக்குது! அண்ணே என்னாத்தப் பண்ணி வச்சிருக்கு?" என்று அவளும் கழற்றினாள். கோடுகளை இறக்கிவிடுகிறேன் என்றவளை நான்தான் தடுத்தேன். நீ கை வைக்க வேண்டாம் என்றாயே. உன்னிடம் போனில் சொன்னபோது சிரித்தாய். "இத்தன வருசமா ரேடியோவுல மந்தமாக் கேட்டுப் பழகிட்டீங்கம்மா. தெளிவாக் கேட்டா மொதல்ல குத்துற மாதிரிதான் இருக்கும்" என்றாய். மைக், ஸ்பீக்கர் என்று சத்தத்தோடு வேலை செய்கிற பிள்ளை சொல்கிறான், அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நானும் நம்பிவிட்டேன்.

அப்படியே விட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல வெயில் விழுந்தது. உங்கப்பா வாசலில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். நிரோஷா விளையாட்டுக்கு அந்த ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, தப்பைப் போட்டுவிட்டாள். கழற்றி எறியப்போகிறார் என்று பார்த்தால், மனிதர் அசையவில்லை. முகம் மலர்ந்துகொண்டே போனது. கால் தாளம் போட்டது. "அட! இப்பத்தான் ஒழுங்காக் கேக்குது. அந்தச் சிம்புக் குச்சி இருக்கே, அது கேக்குது புள்ள! தம்பி நல்லா செஞ்சிருக்கான்!" என்று லயம் முழுவதும் கேட்கிற மாதிரிக் கத்தினார். நிரோஷா கைதட்டிச் சிரித்தாள். நான் சுளகில் அரிசியை வைத்துக்கொண்டு நின்றேன். காது போனவருக்கு இது ஒழுங்காகக் கேட்கிறது. காது நன்றாக இருக்கிற எங்கள் இரண்டு பேருக்கும் குத்துகிறது. நீயோ இதை உன் காதுக்குச் சரியாக இருக்கிற மாதிரிச் செய்துவைத்திருக்கிறாய். அப்படியென்றால் உன் காது யார் பக்கம், மகன்?

நீ உடனே சொல்லப்போவது எனக்குத் தெரியும். "அம்மா, வெந்நியப் பாத்தாலே கொப்புளம் வந்த மாதிரி அலறுவீங்க நீங்க." உண்மைதான், நான் பயந்தவள்தான். நீ மரத்தில் ஏறினால் பயம், ஏறாமல் ஓரமாக நின்றால் காய்ச்சலோ என்று பயம். ஆனால் இந்தப் பயத்துக்கு நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு கதை இருக்கிறது. உங்கப்பாவின் காது ஒரே நாளில் போகவில்லை. ஸ்டோரில் தேயிலை உருட்டுகிற மெஷின்களுக்கு நடுவில்தான் அவர் வாலிபம் போனது. ரோதைமுனிக்குச் சூடம் கொளுத்தி, கை கால் மெஷினில் சிக்காமல் காப்பாற்று சாமி என்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சாமியும் காப்பாற்றியது. காதையும் சேர்த்து வேண்டிக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை. முதலில் கேத்தல் விசில் அவருக்குக் கேட்காமல் போனது. பிறகு விடியற்காலைக் குருவிகள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கண்டாக்கு கத்துவது கேட்கும், பக்கத்தில் இருந்து நிரோஷா கேட்கிற கேள்வி கேட்காது. பெண்பிள்ளைக் குரல் மெல்லிசு, அதுதான் காரணம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அவள் அப்பாவுக்குத் தன்மேல் பாசம் இல்லை என்று மூலையில் உட்கார்ந்து அழுவாள். நான் அவருக்குத் திமிர் என்று சண்டைக்குப் போவேன். நீதான் அந்த வயதிலேயே அவர் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்துப் பேசுவாய்.

கடைசியில் நாம் என்ன செய்தோம்? தொண்டையைத் தூக்கினோம். உப்பு வேண்டுமா என்பதைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டோம். லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்தவர்கள் நம் வீட்டில் தினமும் சண்டை என்றே நினைத்திருந்தார்கள். உங்கப்பாவுக்கு நாம்தான் ஈக்வலைசர், மகன். எது அவருக்குக் குறைகிறதோ அதைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அதனால் அவருக்கு ஒன்றும் குறையவே இல்லை. இன்றைக்கும் கேட்டால், "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் சண்டை. தூக்கிக் கொடுப்பதில் இருக்கிற ஆபத்து அதுதான். கேட்கிறவனுக்குத் தன் குறை தெரியாமலே போய்விடுகிறது. அதுபோல உன்னிடம் இருப்பது ஒரு போன், அது கோபப்படாமல், களைக்காமல், நீ கேட்கிற அளவுக்குத் தூக்கித் தூக்கிக் கொடுக்கும்.

சரி, ஹெட்போன்தான் மந்தமாக இருக்கட்டுமே என்று நானும் நினைத்துப் பார்த்தேன். நினைக்கப் பிடித்தும் இருந்தது. ஆனால் ஒன்று நினைவுக்கு வந்து அதையும் கெடுத்தது. இந்த ஹெட்போனை நீ புதிதாக வாங்கிக்கொண்டு வந்தது நம் கோயில் திருவிழாவுக்கு. அடுப்படியில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு அதை மாட்டிக் கேட்டாய். அன்றைக்கு நீ சொன்னது இன்றைக்குச் சொல்வதற்கு நேர் எதிர். "சாமான் நல்லது, ஆனா மேல் சத்தம் கூடம்மா. குத்துது. வலது பக்கத்தக் கொஞ்சம் எறக்கி விடணும்" என்று சொல்லி இறக்கினாய். நான் விளங்காமல், குறைகிற இடத்தைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்டேன். "எல்லாரும் செய்ற பிழையே அதுதாம்மா. எது கொறையுதுன்னு பாத்துக் கூட்டிக்கிட்டே போனா, கடைசில சத்தம் ஒடஞ்சு போயிரும். எது கூடவா இருக்கோ அதத்தான் மொதல்ல எறக்கணும். அப்பறம் போட்டுப் பாக்கிறப்ப, மாத்துறதுக்கு முன்ன இருந்தது, மாத்துனது, ரெண்டையும் ஒரே அளவுச் சத்தத்துல வச்சுப் பாக்கணும். சத்தம் கூடினதெல்லாம் நல்லா இருக்குன்னு காது நம்பிரும். காத நம்பக்கூடாது" என்றாய். அன்றைக்கு எனக்குப் பெருமை. இவ்வளவு அடக்கமாக வேலை செய்கிறானே என்று.

அதே ஹெட்போன்தான் மகன் இது. இடது பக்க வயரில் நிரோஷா சுற்றிய சிவப்பு நூல்கூட இருக்கிறது. அன்றைக்கு உனக்குக் குத்தியது. இன்றைக்கு உனக்கு மந்தம். இடையில் மாறினது எது? காதை மூடுகிற பஞ்சு தேய்ந்துபோனால் சத்தம் மாறும் என்று நீ ஒருதடவை சொன்னாய், அதையும் மறக்கவில்லை. பஞ்சைத் தடவிப் பார்த்தேன், கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கிறது. அதுவாகவே இருக்கட்டும் என்று வேண்டாத சாமி இல்லை. ஆனால் பஞ்சு தேய்ந்ததுதான் காரணம் என்றால் எனக்கும் நிரோஷாவுக்கும் அது மந்தமாகத்தானே கேட்க வேண்டும்? நீ தூக்கி விட்டது எங்களுக்கு ஏன் இப்படிக் குத்துகிறது? கூத்துக்கு முன்னால் தப்பைத் தீயில் காய்ச்சுவார்கள், அதுதான் உலகத்தில் முதல் ஈக்வலைசர் என்று நீ சொல்லுவாய். தோல் குளிரில் நமுத்துவிட்டால் காய்ச்சலாம். காது நமுத்துவிட்டால் எந்தத் தீயில் காட்டுவது?

இதெல்லாம் மனதில் ஓட ஆரம்பித்த பிறகு, பழசெல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது. பூண்டுலோயாவில் உனக்குப் பரிசம் போட்ட அன்று வீடு நிறைய ஆட்கள். உன்னைக் கட்டப்போகிற வினோதினி உன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். எனக்கு அந்தப் பக்கத்தில்தான் இடம், கேட்டது. "எங்கப்பாவுக்குச் சீனி கூடி, காலுல புண்ணு ஆறவே மாட்டேங்குது. அதான் அவரு எந்திரிச்சு வந்து ஒங்கள வரவேற்கல" என்றாள். நீ நன்றாகச் சிரித்துத் தலையை ஆட்டினாய். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப் போனது. மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று அவர்கள் கேலி செய்து முடித்துவிட்டார்கள். நானும் உன்னை முறைத்ததோடு விட்டுவிட்டேன். இப்போதுதான் அந்தச் சிரிப்பை அடையாளம் கண்டுகொண்டேன். உங்கப்பா சிரிக்கிற சிரிப்பு அது. கேட்காததை இன்னொரு தடவை கேட்க வெட்கப்பட்டு, சொல்கிறவர் நல்லதைத்தான் சொல்லியிருப்பார் என்று நம்பிச் சிரிக்கிற சிரிப்பு. அதோடு முப்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறவள் நான், எப்படி அதைத் தவறவிட்டேன் என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். தீபாவளிக்கு மறுநாள் பகலில், சாப்பிட்டுக்கொண்டே நீ கேட்டாய்: "என்னாம்மா, இந்தப் பகல்ல சில்வண்டு இப்பிடிக் கத்துது?" நான் வெளியே எட்டிப் பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்து, பனிமூட்டம் வாசல் வரைக்கும் வந்து நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அங்கே தூரத்தில் கத்துமாயிருக்கும் என்று சொல்லிச் சோறு போட்டேன். உங்கப்பாவும் எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அதே மாதிரி இல்லாத சில்வண்டைத் தேடிக் கதவைத் திறந்து பார்ப்பார். அதை மறந்தே போயிருந்தேன். நீ கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் ஆள் உயர ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறாய். காதில் ஏதாவது அடைத்துக்கொள் என்று நான் சொன்னபோதெல்லாம், "அடச்சுக்கிட்டா சத்தம் சரியா பிழையான்னு எப்பிடிம்மா தெரியும்?" என்று என் வாயை அடைத்தாய். அப்போதே உன்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். வேலைக்குப் போகிற பிள்ளையோடு எதற்கு வாக்குவாதம் என்று இருந்துவிட்டேன்.

காம்பராவுக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தால் நான் என்ன செய்வேன் என்று நீ பார்த்திருக்கிறாய். அது விளையாட்டுச் சாமானில் மூழ்கியிருக்கும்போது சத்தமில்லாமல் பின்னால் போய் நிற்பேன். ஏதாவது ஒரு சின்னச் சத்தம் செய்வேன். ஒருநாள் சாவி, ஒருநாள் கொலுசு, ஒருநாள் பால்மாப் பைக்கற்றைக் கசக்குவது. பிள்ளை திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்கிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இருக்காது. அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் திரும்பிவிடும், நான் ஒரு முத்தம் கொடுத்து மறந்துவிடுவேன். ஒரு பெண்பிள்ளை திரும்பவே இல்லை. வேறு வேறு நாள் பார்த்தேன், வேறு வேறு சத்தம் செய்தேன். என் வாயைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை, முதுகுக்குப் பின்னால் நான் செய்கிற சத்தத்துக்கு அசையவில்லை. அவள் தாயிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் சொன்னேன். "எம் புள்ளய செவிடுங்கிறீங்களா? ஒங்க வாய் வெளங்குமா?" என்று காம்பரா வாசலில் நின்று அந்தத் தாய் என்னைத் திட்டினது மேல் லயம் வரை கேட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் திட்டிக்கொண்டே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். இப்போது அந்தப் பிள்ளை காதில் மெஷின் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். றொசல்ல ஸ்டேசனில் என்னைக் கண்டால் 'ஆயாம்மா' என்று கூப்பிடுகிறாள். தாய் இன்னும் பேசுவதில்லை, போகட்டும்.

ஊரான் பிள்ளைக்குச் சொல்ல வாய் வந்தது. என் பிள்ளைக்குச் சொல்ல இத்தனை நாள் வரவில்லை. காரணம் உனக்கே தெரியும். உன் சோறும் காதில்தான், உன் கனவும் காதில்தான். தோட்டத்தை விட்டு வெளியே போய், ஒரு பாட்டில் உன் கைவேலை இருக்கிறது என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். அப்படி நிற்கிறவனிடம் போய், உன் காதைக் காட்டிக்கொண்டு வா என்று சொல்வது எவ்வளவு பெரிய பேச்சு! பிழையாகச் சொல்லிவிட்டால் உன் மனது உடையும். சரியாகச் சொல்லிவிட்டாலோ, அதை நினைக்கவே முடியவில்லை. கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒரு வாரம் என்னை நானே ஏமாற்றினேன். ஆனால் பிறகு என்றால், வினோதினிதான் கத்திப் பழக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இயற்கையிலேயே மெல்லிய குரல். அவளும் என்னைப் போலத் தொண்டை தடித்து, தன் சொந்தக் குரல் எது என்று மறந்துபோய், புருசனுக்குத் திமிர் என்று நினைத்து அழ வேண்டாம். காதில் ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால் நீயே அவளிடம் முதலில் சொல். பரிசத்தன்று நீ எதற்குச் சிரித்தாய் என்பதையும் சொல். அவள் அதை இன்னும் மனதில் வைத்திருப்பாள், பெண்கள் இதையெல்லாம் மறப்பதில்லை.

கல்யாணப் பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது நீ அடுப்படியில் குந்தியிருந்து சொன்னதுதான். கூட்டுவதற்கு முன்னால் இறக்கு. வினோதினி சொன்னது கேட்கவில்லை என்றால் சத்தமாகப் பேசு என்று அவளைச் சொல்லாதே. டிவியைக் குறை, கையில் இருக்கிற போனை வை, எழும்பி அவள் பக்கத்தில் போ. வீட்டில் யாருடைய சத்தம் கூடவாக இருக்கிறதோ அவருடைய பேச்சு நியாயமாகத் தோன்றும், அதையும் நம்பாதே. விளங்காதபோது சிரிக்காதே. இன்னொரு தடவை சொல்லு என்று கேட்க ஒரு ஆணுக்கு இவ்வளவு வெட்கம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்கப்பா அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் நம் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

இந்தக் கடிதத்தோடு ஹெட்போனையும் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு வேண்டாம் என்று இல்லை. நிரோஷாவின் போனில் ஒரு ரெக்கோட் எடுத்து, உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டுக் கதைதான் பேசியிருக்கிறேன். கறுப்புக் கோழி அடை உட்கார்ந்ததும், மழைக்குப் பின்பக்கத்து மண் கொஞ்சம் சரிந்ததும், உங்கப்பா உன் கல்யாணத்துக்குச் சால்வையை இப்போதே மடித்து வைத்திருப்பதும். பேச்சுக்கு நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, காம்பராவில் பிள்ளைகளுக்குச் செய்வது போல ஒரு சின்னச் சத்தம் செய்திருக்கிறேன். என்ன சத்தம் என்று எழுத மாட்டேன். இதே ஹெட்போனில், கோடுகளையெல்லாம் சமமாக நடுவில் வைத்து, மூன்று பேரும் கேட்டுப் பார்த்தோம். எனக்குக் கேட்டது. நிரோஷாவுக்குக் கேட்டது. உங்கப்பா மாத்திரம், "பேசிக்கிட்டே இருந்தவ எதுக்கு நடுவுல சும்மா இருக்கிற?" என்றார்.

நீயும் அப்படியே கேள். ஈக்வலைசரை நிறுத்திவிட்டு, சத்தத்தைக் கூட்டாமல், ஆட்கள் பேசுகிற அளவில் வைத்துக் கேள். எதுவும் தூக்கிக் கொடுப்பதை நம்பாமல் உன் காதால் மட்டும் கேள். கேட்டது என்றால் உடனே போன் எடுத்து, அது என்ன சத்தம் என்று சொல்லி, "ஒங்களுக்கு வேற வேலையே இல்லையாம்மா" என்று ஆசை தீர என்னைத் திட்டு. அந்தத் திட்டுக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். காம்பராவில் வேலை செய்யும்போதும் போனை இடுப்பிலேயே செருகி வைத்திருப்பேன்.

கேட்கவில்லை என்றால் போன் எடுக்காதே. திரும்பத் திரும்பப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, இப்போது கேட்டுவிட்டது என்று உன்னை நீயே ஏமாற்றிக்கொள்ளாதே. பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடு. உங்கப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக நுவரெலியாவுக்குப் போய்க் காட்டுவோம். மகனுக்குத் துணை என்று சொன்னால் அவர் வருவார். அங்கே என்ன சொல்கிறார்களோ அதை நானும் உன் பக்கத்தில் இருந்து கேட்கிறேன். இந்தத் தடவை நான் கத்த மாட்டேன். உன் முகத்தைப் பார்த்து, என் சாதாரணக் குரலிலேயே பேசுவேன்.

உன் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறேன், மகன். சத்தம் செய்துவிட்டேன். திரும்பிப் பார்.

அம்மா